உளவியலில் இளமானிப் பட்டம்: உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குப் படிப்படியாக

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, சைக்கொலஜி செய்ய என்ன வேணும்?" என்பதுதான் கேள்வி. நான் உடனே பெறுபேற்றைக் கேட்பதில்லை. "படிச்சு முடிச்ச பிறகு என்ன வேலை செய்ய ஆசை?" என்றுதான் கேட்பேன். அதற்கு விடை இருந்தால்தான் எந்தப் பட்டம், எந்த இடம், எவ்வளவு காசு என்பதைப் பேச முடியும். இந்த விளக்கத்தையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: போய்ச் சேரும் இடத்தை முதலில் பாருங்கள்

வீட்டில் பெரியவர்கள் 'மனநோய் டொக்டர்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மனநல வைத்தியர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. செய்தவர். மருந்து எழுதுவது அவர்தான். இதுதான் உங்கள் ஆசையென்றால் உங்கள் பாதை மருத்துவபீடம். உளவியல் பட்டம் உங்களை அங்கே கொண்டுபோகாது. கிளினிக்கல் சைக்கொலஜிஸ்ட் எனப்படும் சிகிச்சை உளவியலாளர் உளவியலில் இளமானி முடித்து, அதற்கு மேலும் சிகிச்சைப் பயிற்சியோடு கூடிய பட்டம் பெற்றவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று எம்.ஃபில். இருக்கிறது. கவுன்சலர் எனப்படும் உளவளத்துணையாளர் மூன்றாவது ஆள். அதற்கு டிப்ளோமாவிலிருந்து முதுமானி வரை பல வழிகள் உண்டு.

இளமானி முடித்தவர்கள் மனிதவளம், ஆய்வு நிறுவனங்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலைகள், உளசமூகப் பணி என்று பல இடங்களில் வேலை செய்கிறார்கள். ஆனால் இளமானியை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டி, ஆட்களுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கக் கூடாது. உடைந்துபோய் வருகிற ஒருவர் நம்மை நம்பி வாய் திறக்கிறார். மேற்பார்வையில் பழகாத கை அவரை இன்னும் காயப்படுத்திவிடும்.

படி 2: நுழைவுத் தகுதி

எங்கள் நாட்டு உயர்தரத்தில் உளவியல் என்ற பாடமே இல்லை. லண்டன் உயர்தரம் எடுப்பவர்களுக்குத்தான் அது உண்டு. அதனால் "நான் அந்தப் பாடம் எடுக்கேல்லையே" என்று கவலைப்பட ஒன்றுமில்லை. அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்களுக்கு, கருதுகோள், பரிசோதனை என்ற சொற்கள் ஏற்கெனவே பழகியிருக்கும். உயிரியல் படித்தவர்களுக்கு மூளையும் நரம்பும் இலகுவாகப் போகும். வர்த்தகப் பிள்ளைகள் புள்ளிவிபரத்தில் பயமில்லாமல் இருப்பார்கள். எந்தப் பிரிவிலிருந்து வந்தாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

அரச பல்கலைக்கழகத்துக்கு: ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தி, ஜெனரல் டெஸ்ட் என்று பிள்ளைகள் சொல்லும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அப்புறம் இசட் புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூல் தமிழிலும் வருகிறது. அதை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். நண்பர் சொன்னார் என்று விருப்ப ஒழுங்கை நிரப்ப வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. ஆனால் கலைப்பீடத்துக்குத் தெரிவானதும் உளவியல் சிறப்புப் பட்டம் கைக்கு வந்துவிடாது. பொதுவாக முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் துறைக்கு எடுப்பார்கள். ஆக, முதல் வருடத்தை ஓய்வு வருடமாக நினைத்தால் கதவு அங்கேயே மூடிவிடும்.

வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவர்கள் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே உளவியலில் பி.எஸ்ஸி. சிறப்புப் பட்டம் இருக்கிறது.

தனியார் கம்பஸ்களில் பொதுவாகக் கேட்பது மூன்று உயர்தரச் சித்தியும், சாதாரண தரத்தில் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் நல்ல சித்தியும். மொழிமூலம் ஆங்கிலமாகத்தான் இருக்கும். தமிழ்மூலம் படித்த பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். ஆனால் உயர்தரத்துக்கும் கம்பஸுக்கும் இடையில் கிடைக்கிற மாதங்களில் ஆங்கில வாசிப்பைப் பிடித்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

படி 3: அங்கீகாரத்தைத் தோண்டிப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் மச்சாள் ஒருத்தி இரண்டு வருடம் காசு கட்டிப் படித்தாள். சேரும்போது "பிரிட்டிஷ் அங்கீகாரம் இருக்கு" என்று சொன்னார்கள். வெளிநாட்டில் முதுமானிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த அங்கீகாரம் அந்தப் பல்கலைக்கழகத்தின் இங்கிலாந்து வளாகத்தில் நடக்கும் பட்டத்துக்கு; இங்கே நடத்தப்படுவதற்கு அல்ல. அவள் அன்று அழுததை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு பிள்ளையிடமும் இந்த மூன்று கேள்வியையும் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலாவது: பட்டத்தை வழங்குவது யார்? உள்ளூர் நிறுவனமே வழங்கினால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவில் இந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா? நிறுவனத்துக்கு அனுமதி இருப்பதும் பட்டத்துக்கு அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கினால், அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். அலுவலகம் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில்தான் இருக்கிறது, நேரில் போகலாம்.

இரண்டாவது: பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் கொழும்பில் நடக்கும் வகுப்புக்கும் சேர்த்தா? இங்கிலாந்தில் உளவியலாளராகத் தொடர்ந்து பயிற்சி பெற நினைப்பவர்களுக்கு இது உயிர்நாடி. அங்கீகாரமுள்ள பட்டம் என்றாலும், குறைந்தது இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவும் ஆய்வுத் திட்டத்தில் சித்தியும் வேண்டும்.

மூன்றாவது: இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இது எந்த மட்டம்? 5ஆம் மட்டம் 90 கிரெடிட் கொண்ட மூன்று வருட இளமானி. 6ஆம் மட்டம் 120 கிரெடிட் கொண்ட நான்கு வருடச் சிறப்புப் பட்டம். இங்கே ஒரு குழப்பம் வரும். பிரித்தானியப் பட்டத்துக்கு 360 கிரெடிட் என்று போட்டிருக்கும். பிள்ளைகள் "மூன்று மடங்கு பெரிசு" என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலப் படிப்பு, அவர்களுடையது 10. பெருக்கிப் பாருங்கள்: 360 பிரித்தானியக் கிரெடிட் 3,600 மணித்தியாலம், எங்கள் 120 கிரெடிட் 6,000. எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

மூன்றுக்கும் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். வாயால் சொன்னதைப் பிறகு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

படி 4: கட்டணத்தை எந்த நாணயத்தில் கேட்கிறார்கள்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான பங்கைப் பவுணில் கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு. 2022இல் ரூபாய் விழுந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. அந்த வருடம் படிப்பின் நடுவில் இருந்தவர்களின் அப்பா அம்மாவிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

படி 5: உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே தொட்டுப் பாருங்கள்

உயிரியல் அடிப்படை, அறிகை, வளர்ச்சி, சமூகம், தனிநபர் வேறுபாடு, துறையின் வரலாறு, ஆய்வுமுறை. நல்ல உளவியல் பட்டம் எதுவானாலும் இந்த ஏழும் இருக்கும். 'மனதை வாசிக்கிற கலை' என்று நினைத்து வருபவர்கள் இரண்டாம் மாதத்தில் புள்ளிவிபர வகுப்பில் திகைத்து நிற்பார்கள். புள்ளிவிபரம் பிடிக்காது என்பதற்காக உளவியலை விட வேண்டாம். அதே நேரம் அது இருக்காது என்று நம்பியும் சேர வேண்டாம்.

காசு கட்டும் முன்பு ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாகப் பத்துப் பேரிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, 4, 9, 2 என்று செக்கனுக்கு ஒரு எண்ணாக வாசியுங்கள். அவர் அதே ஒழுங்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு எண்ணைக் கூட்டுங்கள். அவர் பிழை விடும் வரை போங்கள். 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் இந்த எல்லையை ஏழு, அதில் இரண்டு கூட அல்லது குறைய என்று எழுதினார். உங்கள் பத்துப் பேர் எங்கே நிற்கிறார்கள்?

அப்புறம் வேறு எண்களோடு, பாட்டுப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். ஐந்து பேருக்குப் பாட்டை முதலிலும் மற்ற ஐந்து பேருக்கு இரண்டாவதாகவும் வையுங்கள். எல்லாருக்கும் பாட்டு இரண்டாவதாகவே வந்தால், மாற்றம் பாட்டாலா, பழக்கத்தாலா, களைப்பாலா என்று பிரிக்க முடியாது. இரண்டு சராசரியையும் எடுத்து, அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று யோசியுங்கள். அந்த யோசனைக்கு வழி சொல்வதுதான் புள்ளிவிபரம். ஜமோவி என்ற இலவச மென்பொருளில் போட்டால் கணக்கை அது செய்துவிடும். இதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

படி 6: சேரும் வரை

தன் மனக்காயத்துக்கு மருந்து தேடி உளவியலுக்கு வருகிற பிள்ளைகளும் உண்டு. அது தவறே இல்லை. ஆனால் விரிவுரை மண்டபம் அந்தக் காயத்தைப் பார்க்காது. அதற்குத் தனியாக உதவி தேடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இன்னொன்று, ஒரு கொப்பி வாங்குங்கள். வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். நாளை உங்கள் முன்னால் இருக்கப்போகிற அம்மா தமிழில்தான் பேசுவார். அவர் 'மனச்சோர்வு' என்று சொல்ல மாட்டார். "ஒரே யோசினை", "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "ஒண்டிலயும் மனம் போகுதில்ல" என்பார். பஸ்ஸில், கோயில் வாசலில், அம்மம்மாவின் வாயில் இப்படிக் கேட்கும் சொற்களை, ஆரென்று பெயர் எழுதாமல், குறித்துவையுங்கள். என் முதல் கொப்பியில் 43 சொற்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு இன்னும் ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்கவில்லை.