உபுண்டு 24.04-க்கு மாறிய பிறகு: அணைந்துபோன ரெப்போக்களைத் திரும்ப இயக்குவது

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு அப்கிரேடு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது, "நான் சேர்த்து வைத்த ரெப்போ எல்லாம் எங்கே போச்சு?" எங்கேயும் போகவில்லை. அப்கிரேடு தொடங்கும்போதே உபுண்டு வெளி ரெப்போக்களை (மற்றவர்கள் நடத்தும் மென்பொருள் கிடங்குகளை) அணைத்துவிடுகிறது. பழைய பதிப்புக்கென்று உருவாக்கிய பேக்கேஜ்கள் புதிய லைப்ரரிகளோடு மோதி, அப்கிரேடு பாதியில் நின்றுவிடக் கூடாதே! திரும்ப இயக்குவது நம் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரேயடியாக டிக் செய்யாமல் ஒவ்வொன்றாகப் போங்கள்.

(கட்டளைகளின் உச்சரிப்பைத்தான் இங்கே தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி ஆப்ட். அதன் ரெப்போ பட்டியல் இருக்கும் இடம்: ஈடிசி ஃபோல்டருக்குள் ஆப்ட், அதற்குள் சோர்சஸ்.லிஸ்ட்.டி. முதலில் இந்த ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு வகை ஃபைல்கள் இருக்கலாம். பழைய வகையில் ஒரு ரெப்போவுக்கு ஒரு வரி. அணைத்திருந்தால் வரியின் முன்னால் ஹேஷ் குறி இருக்கும். புதிய வகையில் டைப்ஸ், யூஆர்ஐஸ், சூட்ஸ் என்று தனித்தனி வரிகள். அணைத்திருந்தால் 'எனேபிள்டு: நோ' என்று இருக்கும். 24.04-ல் உபுண்டுவின் சொந்த ரெப்போக்களே புதிய வகைக்கு வந்துவிட்டன. பழைய வகையும் இன்னும் வேலை செய்யும், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

படி 2: பதிப்பின் பெயரைச் சரிபாருங்கள்

22.04-இன் பெயர் ஜாம்மி, 24.04-இன் பெயர் நோபிள். பிபிஏக்கள் (லாஞ்ச்பேட் தளத்தில் தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் ரெப்போக்கள்) இந்தப் பெயரை வைத்துத்தான் பேக்கேஜ்களைப் பிரித்து வைக்கின்றன. அந்த பிபிஏவின் லாஞ்ச்பேட் பக்கத்தில் நோபிளுக்குப் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபைலில் ஜாம்மி இருக்கும் இடத்தில் நோபிள் என்று மாற்றி, ஹேஷை எடுத்துவிட்டு (அல்லது 'நோ'வை 'யெஸ்' ஆக்கி) 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுங்கள். 'ரிலீஸ் ஃபைல் இல்லை' என்று பிழை வந்தால் நோபிளுக்கு அங்கே எதுவும் இல்லை என்று அர்த்தம். ஜாம்மியையே வைத்து ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம், பின்னால் டிபெண்டன்சி சிக்கலில் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்றவை பொருந்தாத நிலையில்) மாட்டிக்கொள்வீர்கள்.

படி 3: ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி கவனிப்பு

மோசில்லாவின் சொந்த ரெப்போவிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் போட்டிருந்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அங்கே சூட்டின் (மற்ற ரெப்போக்களில் பதிப்புப் பெயர் வரும் இடத்தின்) பெயர் 'மோசில்லா' என்பதால் பதிப்புப் பெயரை மாற்றும் வேலை இல்லை. ஆனால் ரெப்போவை இயக்கினால் மட்டும் போதாது. 22.04 முதல் உபுண்டுவின் ரெப்போவில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் இருப்பது, ஸ்னாப்பை (உபுண்டுவின் வேறு வகைப் பேக்கேஜை) இழுத்துவரும் ஒரு வெற்றுப் பேக்கேஜ். அதன் பதிப்பு எண் '1:' என்று தொடங்கும். அந்த முன்னொட்டு இருந்தால், மோசில்லாவின் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆப்ட் கண்ணுக்கு உபுண்டுவினுடையதுதான் புதியது.

இதற்கு வழி பின்னிங், அதாவது எந்த ரெப்போவுக்கு முன்னுரிமை என்று ஆப்டுக்குச் சொல்லிவைப்பது. ஆப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ப்ரிஃபரன்சஸ்.டி-யில் 'மோசில்லா' என்று ஒரு ஃபைல் உருவாக்கி மூன்று வரி எழுதுங்கள். 'பேக்கேஜ்:' என்பதற்கு எதிரே நட்சத்திரக் குறி, 'பின்:' என்பதற்கு எதிரே ஆரிஜின் என்ற சொல்லும் மோசில்லா ரெப்போவின் முகவரியும் ('எச்டிடிபிஎஸ்' இல்லாமல்), 'பின்-ப்ரையாரிட்டி:' என்பதற்கு எதிரே 1000. சாதாரண ரெப்போவின் முன்னுரிமை மதிப்பு 500. 1000 என்று கொடுத்தால்தான், எண் குறைவாகத் தெரிந்தாலும் அதையே போடு என்று ஆப்டுக்குப் புரியும்.

அப்புறம் 'ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்' அடியுங்கள். 'கேண்டிடேட்' (ஆப்ட் நிறுவப்போகும் பதிப்பு) வரியில் '1:' இல்லாத எண் வந்தால் சரி, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்' கொடுக்கலாம். டவுன்கிரேடு செய்யட்டுமா என்று கேட்கும், பயப்படாமல் சம்மதியுங்கள். ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸை அதற்குப் பிறகு நீக்குங்கள். அதன் புக்மார்க்குகள் வேறு ஃபோல்டரில் இருப்பதால் நீக்கும் முன் எக்ஸ்போர்ட் செய்துகொள்வது நல்லது.

படி 4: அநாதையானவை

ரெப்போ கிடைக்காமல் போன பேக்கேஜ்களுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது. 'ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு' பட்டியலில் அவற்றின் பக்கத்தில் 'லோக்கல்' என்று இருக்கும். நீங்களே டெப் ஃபைலாக இறக்கிப் போட்டவையும் அதில் வரும், பார்த்து நீக்குங்கள்.