அமெரிக்க அதிபர் தேர்தல்: தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர் மாதம் வந்தால் நம் செய்திச் சேனல்கள் எல்லாவற்றிலும் சிவப்பும் நீலமும் பூசிய ஒரு வரைபடம் தோன்றிவிடும். பெரும்பாலான விளக்கங்கள் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதோடு நின்றுவிடுகின்றன. எண்களைச் சொல்வார்கள்; அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லமாட்டார்கள். அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7 அன்று நடக்கவிருக்கிறது. அதற்குள் அந்த வரைபடத்தை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்க்கப் பழகிவிடலாம். முன்னறிவு எதுவும் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

படி 1: நாடு தழுவிய சதவீதத்தை மறந்துவிடுங்கள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் என்று ஒன்று நடப்பதில்லை, ஐம்பத்தொன்று நடக்கின்றன. 50 மாகாணங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஒரே நாளில், தனித்தனியாக. நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தித் தரும் ஆணையம் எதுவும் அங்கே கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் அது பிரசாரப் பணத்தின் வரவு செலவை மட்டுமே பார்க்கும். வாக்குச்சீட்டு அச்சடிப்பது, அடையாள அட்டை கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது, தபால் வாக்கை எப்போது பிரிப்பது என்று விதிப்பது எல்லாம் மாகாணச் சட்டம். களத்தில் வேலை பார்ப்பவர்கள் கவுன்டி எனப்படும் மாவட்ட அளவிலான அதிகாரிகள்.

ஆகவே மொத்த வாக்கில் யார் முந்துகிறார் என்பது வேடிக்கை பார்க்கத்தான் உதவும். 2000இல் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷைவிட 5.4 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றுத் தோற்றார். 2016இல் ஹிலாரி கிளிண்டன், டிரம்ப்பைவிட ஏறத்தாழ 28.7 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மோசடி எதுவும் இல்லை, விதியே அப்படி.

படி 2: தேர்வாளர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்

மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்வாளர்கள் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு டிசம்பரில் அதிபருக்கு வாக்களிக்கிறது. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் குழு.

கணக்கு எளிது. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் ஒரு மாகாணத்துக்கு எத்தனை இடமோ அதனுடன் இரண்டைக் கூட்டுங்கள். இரண்டு என்பது மேலவையான செனட்டின் இடங்கள். சிறியது பெரியது பார்க்காமல் எல்லா மாகாணத்துக்கும் இரண்டுதான். கலிபோர்னியாவுக்கு 52 உறுப்பினர்கள், இரண்டைச் சேர்த்தால் 54. வயோமிங்குக்கு ஒரே உறுப்பினர், ஆக 3. நாடு முழுவதும் 435, செனட் 100, வாஷிங்டனுக்கு 1961இல் கிடைத்த 3, மொத்தம் 538. பாதியைத் தாண்ட 270 வேண்டும்.

அந்த இரண்டு செய்யும் வேலையைப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் சுமார் 7.3 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர். வயோமிங்கில் 1.9 லட்சம் பேருக்கே ஒருவர். பெரிய மாகாணங்கள் சிறியவற்றை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக 1787இல் செய்துகொண்ட சமரசம் இது. இன்றைய கண்ணுக்கு இது நியாயமாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அரசியல் சாசனத்தைத் திருத்த மாகாணங்களில் நான்கில் மூன்று பங்கு சம்மதிக்க வேண்டும். சிறிய மாகாணங்கள் தம் கையில் இருப்பதை எதற்காக விட்டுக்கொடுக்கப் போகின்றன?

இன்னொரு விதி இதைவிட முக்கியம். 48 மாகாணங்களிலும் வாஷிங்டனிலும், ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கும் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். 2000இல் புளோரிடாவில் 537 வாக்குகள் முந்திய புஷ்ஷுக்கு அம்மாகாணத்தின் 25 தேர்வாளர்களும் கிடைத்தார்கள். அதுதான் அவரை 271க்குக் கொண்டுபோனது. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் மட்டும் விலக்கு. அங்கே மாகாண வெற்றியாளருக்கு இரண்டு; மீதி தொகுதிக்கு ஒன்றாகப் பிரியும்.

படி 3: இரண்டு கட்சிகளையும் நம் ஊர்க் கட்சிகளாக நினைக்காதீர்கள்

நீலம் ஜனநாயகக் கட்சி, சிவப்பு குடியரசுக் கட்சி. சிவப்பு என்றால் இடதுசாரி என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். இந்த நிறப் பங்கீடே 2000ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தொலைக்காட்சிகளால் நிலைத்ததுதான், பழைய மரபு ஒன்றும் இல்லை.

இன்றைய நிலையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெருநகரங்களும் கடலோர மாகாணங்களும் பலம். குடியரசுக் கட்சிக்கு கிராமப்புறமும் தென்பகுதியும் பலம். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தென்பகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டதிலிருந்து அது சிறுகச் சிறுகக் கைமாறியது.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் வேறு. அங்கே வேட்பாளரை அறிவிக்கும் 'மேலிடம்' இல்லை. இரண்டு கட்சிகளுக்கும் தேசியக் குழுக்கள் உண்டு. நிதி திரட்டும், மாநாடு நடத்தும், அவ்வளவுதான். எந்தப் பதவியிலும் இருந்திராத டிரம்ப் 2016இல் வேட்பாளராவதைக் குடியரசுக் கட்சியின் பெருந்தலைகள் பலர் விரும்பவில்லை. தடுக்க அவர்களிடம் வழி இல்லை. அதே ஆண்டு செனட்டில் சுயேச்சையாக இருந்த பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இறங்கி 20க்கும் மேற்பட்ட மாகாணங்களில் வென்றார். கட்சித் தாவல் தடைச் சட்டமும் இல்லை. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கவிழ்க்கக் குடியரசுக் கட்சி கொண்டுவந்த மசோதாவை, அக்கட்சியின் ஜான் மெக்கெய்னே நள்ளிரவில் கட்டைவிரலைக் கீழே காட்டித் தோற்கடித்தார். அவர் பதவி போகவில்லை.

மூன்றாவது கட்சி ஏன் தலையெடுப்பதில்லை என்ற கேள்விக்குப் பதில் படி 2இல் இருக்கிறது. 1992இல் ராஸ் பெரோ நாடு முழுவதும் கிட்டத்தட்ட 19 சதவீத வாக்குகள் வாங்கினார். எந்த மாகாணத்திலும் முதலிடம் வரவில்லை. தேர்வாளர் கணக்கில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம்.

படி 4: வேட்பாளர் உருவாகும் விதத்தைப் பாருங்கள்

போட்டியிட மூன்று தகுதிகள்: பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது.

தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் ஐயோவா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சிறிய மாகாணங்களில் உட்கட்சித் தேர்தல் தொடங்கும். பெரும்பாலான இடங்களில் சாதாரண வாக்குப்பதிவு. அதன் பெயர் பிரைமரி. சில இடங்களில் பள்ளிக்கூடம், சமூகக் கூடம் என்று ஒன்றுகூடி முடிவெடுப்பார்கள், அது காகஸ். வாக்களிப்பவர்கள் சாதாரண மக்கள். பல மாகாணங்களில் வாக்காளர் பதிவின்போதே எந்தக் கட்சி என்று குறிப்பிட வேண்டும்; டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் அந்தப் பதிவே கிடையாது. இந்த வாக்குகளால் வேட்பாளருக்குக் கிடைப்பவர்கள் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள். கோடையில் மாநாடு கூடி, அவர்கள் வாக்களித்த பிறகே வேட்பாளர் அதிகாரபூர்வமாகிறார்.

இந்தக் கடைசி வரி வெறும் சடங்கு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2024 ஜூலை 21 அன்று, உட்கட்சித் தேர்தல்களை ஏறத்தாழ எல்லாம் வென்று முடித்திருந்த பைடன் விலகினார். மறுபடி மக்களிடம் போக நேரமில்லை. பிரதிநிதிகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையம் வழியாக வாக்களித்து, அந்த ஆண்டு ஒரு பிரைமரியில்கூட நிற்காத கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் கோயில் பூசை நடந்ததைப் படித்திருப்பீர்கள்.

படி 5: இப்போது பென்சிலை எடுங்கள்

தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: நீலம், சிவப்பு, இழுபறி. பெரும்பாலான மாகாணங்களின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். கலிபோர்னியா 54, நியூயார்க் 28, இல்லினாய் 19 நீலத்துக்குப் போகும். டெக்சாஸ் 40, புளோரிடா 30, ஒஹாயோ 17 இன்றைய நிலையில் சிவப்புக்கு. இவற்றில் நாள்கணக்கில் பிரசாரம் செய்வது யாருக்கும் லாபமில்லை.

2024ஐப் பயிற்சிக் கணக்காக எடுத்துக்கொள்வோம். இழுபறியில் இருந்தவை ஏழு: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. கூட்டினால் 93. மீதி மாகாணங்களில் ஹாரிஸுக்குக் கிடைத்தது 226, டிரம்ப்புக்கு 219.

ஹாரிஸுக்கு இன்னும் 44 தேவை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 19, 15, 10. மிகச் சரியாக 44. டிரம்ப்புக்கு இன்னும் 51 தேவை. பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா: 19, 16, 16. மிகச் சரியாக 51. இருவருடைய எளிய பாதையும் ஒரே மாகாணத்தின் வழியாகப் போகிறது. இரு தரப்பும் பென்சில்வேனியாவில் பணத்தைக் கொட்டியதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஹாரிஸின் 226க்குள் ஒரு வாக்கு நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத் தொகுதியிலிருந்து வந்தது. அதை எடுத்துவிட்டால் அவருடைய 270, 269 ஆகிவிடும், எதிரிலும் 269. இதைக் கணக்கிட்டுத்தான் 2024 செப்டம்பரில், வென்றவருக்கே எல்லாம் என்று நெப்ராஸ்காவின் விதியை மாற்றக் குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். அவர்கள் கட்சியிலேயே ஒமாஹாவைச் சேர்ந்த ஒரு மாகாண சட்டமன்ற உறுப்பினர் உறுதியாக மறுத்ததால் அது நடக்கவில்லை. ஒமாஹா வீடுகளின் முன்புறப் புல்தரையில், சிவப்பு மாகாணத்தில் தாங்கள் ஒரு நீலப் புள்ளி என்பதைக் காட்ட, வெள்ளைப் பலகையில் ஒற்றை நீல வட்டம் மட்டும் வரைந்து நட்டிருந்தார்கள். வேட்பாளர் பெயர்கூட அதில் கிடையாது.

கடைசியில் ஏழும் டிரம்ப்புக்கே போயின: 312க்கு 226. பென்சில்வேனியாவில் வித்தியாசம் சுமார் 1.2 லட்சம் வாக்குகள்.

படி 6: முடிவு வரும் காலையில்

நமக்கு அது புதன்கிழமை. இந்தியா, இலங்கை நேரப்படி அதிகாலை 4.30க்கு இந்தியானா, கென்டக்கியின் சில பகுதிகளில் முதலில் வாக்குப்பதிவு முடியும். ஜார்ஜியா 5.30, பென்சில்வேனியா 6.30, கலிபோர்னியா 9.30. அலாரம் வைத்து எழுவதானால் 6.30 போதும்.

முடிவை அன்று அறிவிப்பது அரசு அல்ல, செய்தி நிறுவனங்கள். அசோசியேட்டட் பிரஸ் 1848 முதல் இதைச் செய்துவருகிறது. அதிகாரபூர்வச் சான்றிதழ் வாரக்கணக்கில் கழித்துத்தான் வரும்.

ஆரம்ப முன்னிலையை நம்பாதீர்கள். பென்சில்வேனியா சட்டப்படி, தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கக் கூடாது. 2020இல் பெருந்தொற்றுக் காலம் என்பதால் தபால் வாக்குகள் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி பைடனுக்கு விழுந்தவை. இரவில் டிரம்ப் பெரிய முன்னிலையில் இருந்தார், உறைகள் பிரியப் பிரிய அது கரைந்தது. செவ்வாயன்று நடந்த தேர்தலின் முடிவு சனிக்கிழமைதான் தெரிந்தது. வாக்குகள் எண்ணப்பட்ட வரிசைதான் மாறியது. திடீரென்று எதுவும் முளைக்கவில்லை.

படி 7: நவம்பருக்குப் பிறகு

டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் அவரவர் மாகாணத் தலைநகரில் கூடி வாக்களிப்பார்கள். பெரும்பாலும் இவர்கள் உள்ளூர்க் கட்சிக்காரர்கள். 2016இல் ஏழு பேர் சொன்னபடி வாக்களிக்கவில்லை. அவர்களைக் கட்டுப்படுத்த மாகாணங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யாருக்கும் 270 இல்லையென்றால் பிரதிநிதிகள் அவை தேர்ந்தெடுக்கும். அப்போது மாகாணத்துக்கு ஒரு வாக்கு: கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. 26 பெற்றவர் அதிபர். 1824க்குப் பிறகு இது நடந்ததில்லை.

ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி எண்ணும். தலைமை தாங்குபவர் பதவியில் இருக்கும் துணை அதிபர். 2025இல் ஹாரிஸ் தன் தோல்வியைத் தானே வாசித்தார். ஜனவரி 20 நண்பகலில் புதிய அதிபரின் பதவிக்காலம் தொடங்கும்.

நீங்கள் தாளில் எழுதிய எண்கள் 2028க்கும் செல்லும். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு இடங்கள் மறுபடி பங்கிடப்படும். 2032க்குப் புதிய தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.