படம் எடுக்காத நாகத்தை அடையாளம் காண்பது எப்படி?

பாம்பைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், எல்லோரும் கேட்பது "படம் எடுத்ததா?" என்றுதான். அந்தப் பதிலை மட்டும் நம்புவது ஆபத்து. மிரண்டால்தான் நாகம் படம் எடுக்கும். மற்ற நேரத்தில் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு சாதாரணப் பழுப்புப் பாம்பாக ஊர்ந்து போகும். விஷமே இல்லாத சில பாம்புகளோ கழுத்தைத் தட்டையாக்கி மிரட்டும். அதனால் வேறு அடையாளங்களையும் பார்க்கப் பழக வேண்டும்.

படி 1: தள்ளி நின்று புகைப்படம் எடுங்கள்

நாலைந்து மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். தலையின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, முழு உடல் ஒன்று போதும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்தப் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும், பாம்பின் அருகில் போய் அல்ல. செத்துக் கிடப்பதாகத் தோன்றும் பாம்பையும் தொடாதீர்கள். வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

படி 2: கழுத்து எப்படி விரிகிறது?

நாகத்தின் கழுத்து விலா எலும்புகள் நீளமானவை. அவற்றை இரு பக்கமும் விரிக்கும்போது தோல் இழுபட்டுப் படமாகிறது. முட்டையிலிருந்து வந்த குட்டிக்கும் படம் உண்டு, விஷமும் உண்டு.

சாரைப்பாம்பு மிரண்டால் கழுத்து பக்கவாட்டில் விரியாது. தொண்டை மேலும் கீழுமாக உப்பும். நீர்க்கோலிதான் பலரை ஏமாற்றுகிறது. தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, பார்ப்பதற்குக் குட்டி நாகம் போலவே நிற்கும். ஆனால் உடம்பில் சதுரங்கக் கட்டம் போட்ட மாதிரிப் புள்ளிகள் இருக்கும். கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். செதில்களின் நடுவில் மேடான வரி இருப்பதால் உடல் சொரசொரப்பாகத் தெரியும். நாகத்தின் செதில்கள் வழவழப்பானவை.

படி 3: படத்தின் பின்பக்கக் குறி

மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருந்தால் அது நல்ல பாம்பு. ஒற்றை வளையம் இருந்தால் அதன் உறவான ஒற்றைக்கண்ணாடி நாகம். குறி இல்லையென்றால் நாகம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறி மங்கியோ, இல்லாமலோ இருக்கும் நாகங்களும் நிறைய.

படி 4: தலையை உற்றுப் பாருங்கள்

நிறைய சாரைப்பாம்புகள் அநியாயமாக அடிபட்டுச் சாவது இந்த ஒரு படி தெரியாததால்தான், எனவே இதைப் பொறுமையாகப் பாருங்கள். சாரையின் தலை கழுத்தைவிட அகலமாகத் தனித்துத் தெரியும். கண் பெரியது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில், பேனாவால் கோடு போட்டது போலக் கறுப்பு வரிகள் இருக்கும். நாகத்துக்கு மழுங்கிய முகம். தலைக்கும் கழுத்துக்கும் அவ்வளவாக வித்தியாசம் தெரியாது.

புகைப்படம் தெளிவாக இருந்தால் இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. மேலுதட்டுச் செதில்களை மூக்குப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். நாகத்தில் மூன்றாவது செதில் பெரிதாக, ஒரு பக்கம் மூக்குச் செதிலையும் மறுபக்கம் கண்ணையும் தொடும். சாரையில் அப்படித் தொடாது, இடையில் வேறு சிறு செதில்கள் இருக்கும்.

அப்புறம், சாரை என்பது ஆண், நாகம் பெண், இரண்டும் பின்னிப் பிணையும் என்ற பேச்சு. இரண்டும் வேறு வேறு இனங்கள், சேராது. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பி நின்றால், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு.

படி 5: ராஜநாகமா?

பெயரில் நாகம் இருந்தாலும் இது நாகங்களின் பேரினத்தைச் சேர்ந்ததல்ல. படம் ஒடுங்கி நீளமாக இருக்கும், மூக்குக்கண்ணாடிக் குறி இருக்காது. உச்சந்தலைக்குப் பின்னால் ஒரு ஜோடி பெரிய செதில்கள் இருக்கும், நாகத்துக்கு அவை கிடையாது. வளர்ந்தது 3, 4 மீட்டர் சாதாரணமாக இருக்கும், முக்கிய உணவு மற்ற பாம்புகள். நீளத்தை மட்டும் பார்த்து ராஜநாகம் என்று பயப்பட வேண்டாம், சாரையே 2 மீட்டரைத் தாண்டும். 2024இல் ஆய்வாளர்கள் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது அதில் ஒன்று.

கட்டுவிரியனும் நாகத்தின் குடும்பம்தான், ஆனால் படம் எடுக்காது. பளபளக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும்.

படி 6: கடித்துவிட்டால்

இனம் தெரிய வேண்டும் என்று பாம்பைத் தேடாதீர்கள். கட்டுப் போடாமல், கீறாமல், வாய் வைத்து உறிஞ்சாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்துத்தான் சிகிச்சை தருவார்கள். இந்தியாவில் கிடைக்கும் கூட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. ராஜநாகம் அதில் இல்லை. அதற்கான மருந்து தாய்லாந்தில் தயாராகிறது. அதனால் ஏற்கெனவே எடுத்த புகைப்படம் கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.