டயட்டை விட்டுவிட்டுச் சாப்பாட்டோடு ராசியாவது எப்படி

ஏற்கெனவே நாலைந்து டயட் பார்த்து, எடை குறைந்து, குறைந்ததெல்லாம் திரும்பி வந்து, "எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது" என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த டயட்டைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நில்லுங்கள். இதில் மனக்கட்டுப்பாட்டுக்கு இருக்கும் பங்கு நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று பலரும் தாங்களாகவே விதித்துக்கொள்ளும் 1,200 கலோரியைவிட அதிகம்தான், கவனியுங்கள். அந்த இளைஞர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வுமாகத் திரிந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். சாப்பாட்டுப் பைத்தியமாக இருந்தவர்கள் இல்லை அவர்கள், பட்டினிதான் அவர்களை அப்படி ஆக்கியது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்விலும் இதே கதைதான்: 10 வாரம் கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. மூச்சை அடக்கியவன் விட்டவுடன் பெருமூச்சாக இழுப்பதைப் போலத்தான் டயட்டுக்குப் பின் வரும் அந்த அகோரப் பசியும்.

சரி, என்ன செய்வது? முதலில் வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது, ஒவ்வொரு வேளையிலும் மாவுச்சத்து, புரதம், கொஞ்சம் கொழுப்பு மூன்றும் இருக்க வேண்டும். பகலெல்லாம் காபியிலும் பழத்திலும் ஓட்டிவிட்டு ராத்திரி அலமாரியைத் துழாவுகிற பழக்கம் பெரும்பாலும் இதிலேயே குறைந்துவிடும். சில வாரங்கள் இதை மட்டும் செய்தாலே போதும், வேறெதையும் மாற்ற வேண்டாம்.

அப்புறம் பசியைக் கவனிப்பது. வருடக்கணக்கில் அட்டவணையைப் பார்த்தே சாப்பிட்டவர்களுக்குப் பசி எது என்பதே மறந்துபோயிருக்கும். வயிறு உறுமினால்தான் பசி என்றில்லை. கவனம் சிதறுவது, காரணமில்லாமல் கோபம் வருவது, லேசாகத் தலை வலிப்பது எல்லாமே பசியாக இருக்கலாம். கை நடுங்கும் அளவுக்கு விட்டால் அதன் பிறகு நிதானமாகச் சாப்பிட யாராலும் முடியாது, அதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

இனி கஷ்டமான பகுதி: விலக்கி வைத்த உணவுகள். உங்களை மிகவும் பயமுறுத்தும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், சாக்லேட் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஆன, மனசு ஓரளவு அமைதியாக இருக்கும் ஒரு சமயத்தில், உறையிலிருந்தே கடிக்காமல் உடைத்துத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கரையவிடுங்கள். முதல் துண்டில் இருந்த ருசி நாலாவதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கும் இருக்காது, ஆனால் அவசர அவசரமாக, நின்றுகொண்டே, யாருக்கும் தெரியாமல் தின்றபோது அதைக் கவனிக்கவே வாய்ப்பிருந்திருக்காது. இன்னும் வேண்டும் என்றால் இன்னும் சாப்பிடுங்கள். நாளைக்கும் கிடைக்கும் என்று உங்களுக்கு நீங்களே சொல்லி, சொன்னபடியே நாளைக்கும் வாங்கி வையுங்கள், இதுதான் முக்கியம். "இன்றைக்கு மட்டும்தான், நாளையிலிருந்து கிடையாது" என்ற நினைப்பு இருக்கும்வரை கை நிற்காது. ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போகலாம். பயப்பட வேண்டாம், தடை போய்விட்டது என்று உடம்பு நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். பொட்டலம் பாதி அப்படியே கிடப்பதை ஒரு நாள் நீங்களே கவனிப்பீர்கள்.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்ட நாளில்தான் உண்மையான சோதனை. மறுநாள் பட்டினி, இரண்டு மணி நேர ஓட்டம் என்று பழிதீர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள், அதிலிருந்துதான் அடுத்த சுற்று தொடங்குகிறது. அடுத்த வேளை வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான்.

மனசு சரியில்லாமல் சாப்பிடுவதும் குற்றம் இல்லை. சாப்பாடு ஆறுதல் தரும், எல்லோருக்கும் தரும். அது ஒன்றுதான் ஆறுதல் என்ற நிலைமை இருந்தால் மட்டும் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நண்பருக்கு ஒரு போன், ஒரு குளியல், அரை மணி நேரத் தூக்கம். எடை மெஷினைக் கொஞ்ச காலத்துக்குக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடலாம். உடம்பில் நீரின் அளவு மாறுவதாலேயே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும், அந்த எண்ணை வைத்து அன்றைய சாப்பாட்டை முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை. எடை குறையுமா என்று கேட்டால், சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், பலருக்கு ஓரிடத்தில் நிற்கும். யாராவது இதையே எடை குறைக்கும் வழி என்று விற்றால் அதுவும் இன்னொரு டயட்தான்.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், இன்சுலின் போன்ற மருந்துகள் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, கட்டுப்பாடே இல்லாமல் தின்பது அடிக்கடி நடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாகப் போராடாதீர்கள். அது நோய், சிகிச்சை இருக்கிறது. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.