ஆடியில் பிரித்துத் தைக்கலாம், வாருங்கள்

ஜனவரியில் எழுதிய புத்தாண்டுத் தீர்மானப் பட்டியலை மறுபடி கையில் எடுக்க நல்ல நேரம் எது என்று கேட்டால், ஆடி மாதம் என்றுதான் சொல்வேன். கும்பகோணத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வைகாசியும் ஆனியும் எங்களுக்கு முகூர்த்த மாதங்கள். கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், அவள் அக்கா தங்கைகளின் பிளவுஸ், சேலைக்கு ஃபால்ஸ், நடுவில் ஜூன் மாதப் பள்ளிச் சீருடை என்று மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடி பிறந்ததும் கல்யாணமும் கிரகப்பிரவேசமும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நம் கைக்குத் திரும்பி வரும்.

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பவர்கள் உண்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொன்னதும் நம் பெரியவர்கள்தான். காவிரியில் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்கன்று சக்கரப் படித்துறையில் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் மாதம் இது. இந்த மாதத்தில் ஒரு வேலையைத் தொடங்க எனக்குத் தயக்கமே கிடையாது.

முதலில் ஒரு தாளில் ஜனவரி ஆசைகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தவறு என்று குறி போட வேண்டாம். கடைசியாக எந்த மாதம் அதைச் செய்தீர்கள், அப்புறம் எது வந்து நிறுத்தியது என்று மட்டும் எழுதுங்கள். நடை நின்றது மே மாத அக்னி நட்சத்திர வெயிலிலா, அல்லது அதற்கு முன்பேவா? சேமிப்பு நின்றது ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகா? காரணத்தை இப்படிப் பெயர் சொல்லி எழுதும்போது 'எனக்கு மன உறுதி இல்லை' என்ற பேச்சு தானாக அடங்கிவிடும். வெயில் காரணம் என்றால் நேரத்தை மாற்றினால் போதும். கட்டணம் காரணம் என்றால் தொகையைக் குறைத்தால் போதும்.

அடுத்து, அந்தப் பட்டியலைப் பிரித்துத் தைப்பது. உடம்பு மாறிவிட்டது என்பதற்காக நல்ல பட்டு பிளவுஸை யாரும் வீசுவதில்லை. பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்ட துணியை வெளியே எடுத்து, இன்றைய அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். பட்டியலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஜனவரி அளவு ஜூலையில் பொருந்தாது. இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் மூன்று. மற்றவற்றை மனதார அடித்துவிடுங்கள். யாரோ செய்கிறார்கள் என்பதற்காக எழுதியது எது என்று உங்களுக்கே தெரியும். அது முதலில் போகட்டும்.

வைத்துக்கொண்டதைச் சுருக்குவதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். என் பட்டியலில் 'ஆரி வேலை கற்றுக்கொள்ள வேண்டும்' என்று இருந்தது. துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் செய்கிற பூவேலைதான் ஆரி. அது ஒரு கடல். சங்கிலித் தையல், ஜரி, கண்ணாடி, மணி, கல் என்று போய்க்கொண்டே இருக்கும். எதில் கை வைப்பது என்று தெரியாததாலேயே ஃபிரேம் சுவரில் சாய்ந்து நிற்கும். அதை 'மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியதும் ஃபிரேமில் ஒரு சாண் நீளத்துக்குச் சங்கிலித் தையல்' என்று மாற்றினேன். இதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது பெரிதும் கைகொடுக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியிருக்கிறார். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டதும் கை ஆரி ஊசியைத் தேடுவதை நானே பார்க்கிறேன். உங்களுக்கு அது பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட நிமிடமாக இருக்கலாம், இரவு அடுப்பைத் துடைத்து முடித்த நேரமாக இருக்கலாம். தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றாகப் பார்த்துப் பிடியுங்கள்.

இப்போது நாட்காட்டி. தினசரிக் காலண்டர் போதும், செயலி எதுவும் வேண்டாம். ஆடி பெரும்பாலும் ஜூலை 17இல் பிறக்கும். அன்றிலிருந்து டிசம்பர் 31 வரை 168 நாள், சரியாக 24 வாரம். ஆனால் அத்தனையும் நம்முடையது அல்ல. ஆவணியில் முகூர்த்தம் மறுபடி தொடங்கும். புரட்டாசியில் கொஞ்சம் ஓயும். ஐப்பசியில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். கார்த்திகையில் திரும்பக் கல்யாணம். மார்கழி அமைதி. நெருக்கடி வாரங்களைச் சிவப்பு மையில் கட்டம் கட்டிவிடுங்கள். அந்த வாரங்களில் பாதி அளவு செய்தாலே போதும் என்று இப்போதே எழுதி வையுங்கள். முகூர்த்தக் கணக்கு இல்லாத வேலை என்றால் கட்டங்கள் வேறு இடத்தில் விழும். ஆசிரியருக்குச் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. வரிக் கணக்கு எழுதுபவர்களுக்கு ஜூலைக் கடைசி.

ஆடியில் தொடங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. ஜூலை 17இலிருந்து 66 நாள் எண்ணினால் செப்டம்பர் 20, புரட்டாசி பிறந்த முதல் வாரம். மழையும் தீபாவளி வேலையும் வருவதற்குள் பழக்கம் ஓரளவு ஊன்றியிருக்கும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டாம். மறுநாள் தொடருங்கள்.

பணத்துக்கும் இதே வழிதான். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். விட்டுப்போன தவணைக்கு 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம், அவ்வளவுதான். ஆனால் நான்கு தவணை தவறிவிட்டால் கணக்கு நின்றுவிடும். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து கட்டாதவர்கள் இந்த வாரமே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய் வாருங்கள்.

ஒரே உட்காரலில் முடிகிற வேலை எதுவும் பட்டியலில் இருந்தால் ஆடி முதல் ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள். சிறுதொழில் செய்பவர்களுக்கு உத்யம் பதிவு, அதாவது தொழிலை மத்திய அரசிடம் பதிவு செய்வது, அப்படிப்பட்டது. ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் செய்யலாம், கட்டணம் கிடையாது. ஒன்று முடிந்தால் மற்றதைச் செய்யத் தெம்பு வரும்.

கூட ஓர் ஆள் இருப்பது மிக நல்லது. எங்கள் எதிரே பூக்கடை வைத்திருக்கும் அக்காவும் நானும் விடியற்காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறோம். என்னைக் காணவில்லை என்றால் வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, இன்னும் எழுந்திரிக்கலையா?" என்பார். "இதோ வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்ட பிறகு படுத்திருக்க முடியாது. திட்டுகிற ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள், காத்திருக்கிற ஆளைப் பிடியுங்கள்.

அடுத்த முறை பட்டியலைப் பார்க்க ஆயுத பூஜையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்போம். கையும் சும்மா இருக்கும். வைத்துக்கொண்ட இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அப்போது பாருங்கள். மறுநாள் விஜயதசமி என்பதால் கைவிட்ட ஒன்றைத் திரும்பத் தொடங்கவும் வசதி. என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள், தீபாவளி ஆர்டர் வாங்குவதை நிறுத்தும் தேதியையும் அன்றே முடிவு செய்து வாசல் பலகையில் எழுதிவிடுங்கள்.