கோழிக்கு வருத்தம் வருமுன் கண்ணில் ஒரு சொட்டு

காலையில் கூட்டைத் திறந்தால் ஒரு கோழி செட்டையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து திறந்து மூச்செடுக்கும், பிறகு கழுத்துத் திருகி விழும், ஒரு கிழமைக்குள் கூடே வெறுமையாகிவிடும். வன்னியில் கோழி வளர்க்கிற வீடுகளுக்கு இது தெரிந்த காட்சிதான். பெயர் ரணிக்கெட், நியூகாசில் என்றும் சொல்வார்கள். பரமிக்சோ வைரஸ் குடும்பம். நமக்கு வரும் சின்னமுத்தும், தடுப்பூசியால் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்த மாட்டு வெக்கை நோயும் இதே குடும்பம்தான்.

வந்த பிறகு மருந்து கிடையாது. உள்ளி, வெங்காயம், அன்ரிபயோட்டிக் எதுவும் வைரஸைக் கொல்லாது. நல்ல சுகமாக நிற்கும்போதே சொட்டு மருந்து போட வேண்டும்.

ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும் மருந்து இருக்கும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் பத்துக் கோழிக்காகத் தனியே வாங்குவது வீண். அயலில் நாலைந்து வீட்டாரோடு கதைத்து ஒரே நாளில் போடுங்கள், வேலிக்கு அந்தப் பக்கக் கோழியும் காப்பாகும். மிருக வைத்தியரிடம் முதலே சொல்லிவைத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போங்கள். கிளிநொச்சியில் வாங்கி அக்கராயனுக்கு வெயிலில் சைக்கிளில் கொண்டுவந்தால் குப்பியில் மருந்து இருக்கும், வேலை செய்யாது. கூட வரும் கரைசலில்தான் கரைக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரில் அல்ல.

இருட்டின பிறகு போடுவது நல்லது, கோழி கூட்டில் அடங்கியிருக்கும், துரத்த வேண்டாம். தலையைச் சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணில் ஒரு சொட்டு, கண்ணைச் சிமிட்டும்வரை பிடித்திருங்கள். குஞ்சுக்கும் அதே ஒரு சொட்டுத்தான். காப்பு உண்டாக இரண்டு கிழமை செல்லும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

மருந்துக் கையால் உங்கள் கண்ணைத் தொடாதீர்கள். நோய்க்கோழியைத் தொட்டாலும் மருந்து பட்டாலும் கண் சிவந்து நீர் வடியலாம், பெரும்பாலும் ஒரு கிழமையில் மாறிவிடும், ஆனாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

செத்ததைக் குளக்கரையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். வருத்தக் கோழியை மலிவாக விற்றுத் தள்ளுவதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம், எங்கள் அம்மா சந்தையில் ஆசையாக வாங்கிவந்த ஒரு பேட்டால்தான் கூட்டிலிருந்த பதினேழும் போனது. இப்போது புதுக்கோழி எது வந்தாலும் இரண்டு கிழமை வளவின் அடுத்த மூலையில், தனிக் கூட்டில்தான்.