கோத்தகிரி மழைக்கும் தாங்கும் பவர் சப்ளை: கேம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

சித்தப்பா மகன் இரண்டு வருடம் சேர்த்த காசில் கேம் கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்தான். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணத்தைக் கொட்டியவன், கேபினட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையையே, அதாவது சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியையே, மாட்டிவிட்டான். ஐப்பசி மழையில் கற்பூர மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. நல்லவேளை, கார்டு பிழைத்தது. செத்த பெட்டியைக் கையில் எடுத்தேன். ஒரு வர்க்கிப் பொட்டலம் அளவுக்குத்தான் கனம் இருந்தது. பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் நீலகிரி மலையில்தான் இந்தக் கூத்து.

முதல் வேலை, கணக்கு. உங்கள் பாகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் எடுக்கும். இன்டெல் ஐ3-12100எஃப் பிராசஸர் உச்சத்தில் 89 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, மின்விசிறிகளுக்கு ஒரு 50 போடுங்கள். மொத்தம் 271. இதோடு பாதியைக் கூட்டினால் 400-ஐச் சற்றே தாண்டும். நல்ல தரமான 450 வாட் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 750 வாங்கும் காசில் பெரிய எஸ்எஸ்டி வாங்கலாம்.

அடுத்தது, பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணை. மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது. கார்டும் பிராசஸரும் உயிர்வாழ்வது 12 வோல்ட் வரிசையில். அதன் கீழ் எழுதியிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட்; 450 என்று போட்டதற்கு அது நியாயம். தம்பியின் பெட்டியிலும் 450 என்றுதான் கொட்டை எழுத்தில் இருந்தது, ஆனால் அட்டவணையில் 16 ஆம்பியர். அதாவது 192 வாட். மீதியெல்லாம் பெயருக்குத்தான். கடையில் 'எஸ்எம்பிஎஸ்' (பவர் சப்ளைக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர்) என்று கேட்டு, பெட்டியைத் திருப்பி இந்த ஒரு வரியைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

அதே அட்டவணையில் உள்ளீட்டு மின்னழுத்தத்தையும் பாருங்கள். வீட்டுக்கு வீடு வெந்நீர் ஹீட்டர் ஓடும் மாலை நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் இறங்கி, குண்டு பல்பு மஞ்சளாகிவிடும். அதனால் 220-240 என்று எழுதியதை விட்டு, 100-240 வோல்ட் என்று இருப்பதை எடுங்கள். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. தெரியாமல் 115-இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தில் போட்டால் வெடித்துவிடும்.

80 பிளஸ் பிராண்ஸ் முத்திரை இருக்கட்டும். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு 85 சதவீதத் திறன் என்பது அதன் பொருள். அது மின்சாரச் சிக்கனத்தை மட்டும் சொல்கிறது, பாதுகாப்பைச் சொல்லாது. அதிக மின்னழுத்தம், அதிகச் சுமை, குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பாருங்கள். ஐந்து வருட வாரண்டி தருபவர் தம் பொருளை ஓரளவு நம்புகிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

கேபிள்: ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 8 பின் இணைப்பு ஒன்று வேண்டும். அது பவர் சப்ளையிலேயே இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து மாற்றித் தரும் இணைப்பான் வேண்டவே வேண்டாம், அது உருகியதைப் பார்த்திருக்கிறேன்.

யுபிஎஸ் இல்லாமல் மலையில் கேம் ஆடுவது வீண் வம்பு. 271 வாட்டுக்கு, 85 சதவீதத் திறனில், சுவரிலிருந்து ஏறத்தாழ 319 வாட் இழுக்கும். மானிட்டருக்கு ஒரு 25. பரவலாக விற்கும் 600 விஏ (யுபிஎஸ் மேல் எழுதியிருக்கும் திறன் அளவு, வாட் அல்ல) யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், மூச்சு முட்டும். 1000 விஏ வாங்கினால் கேமைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைக்கும். அதைச் செருகும் பிளக் பாயின்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு.

பார்சல் மழையில் மேலேறி வந்திருந்தால் உடனே இணைக்காதீர்கள். சில்லிட்ட உலோகத்தின் மீது அறையின் ஈரம் படியும். பிரித்து, இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்த பிறகு மாட்டுங்கள். மாட்டிய அன்றே ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டி, பின்பக்கக் காற்றில் கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. கருகல் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும்.